ஈகைக்கு முந்திய அறம்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு தொழில் நிறுவனம் தான் காலூன்றி நிற்கும் ஊருக்கு எவ்வகையிற் கடமைப்பட்டுள்ளது என்னும் வினாவைப் பொருளியலாளரும் முகாமைத்துவக் கல்வியாளரும் தம் துறைக்கே உரியதாக நெடுங்காலம் கொண்டிருந்தனர். அவ்வினாவின் வேரோ அறவியலில் உள்ளது. 'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என்னும் தொடர் தமிழுக்குப் புதியதாயினும், அது சுட்டும் செயல்கள் எவர்க்கும் பழக்கமானவை: ஒரு பாடசாலைக்குக் கட்டடம், ஒரு வைத்தியசாலைக்குக் கட்டில்கள், வறிய மாணவர்க்குப் புலமைப்பரிசில், வீதியோரத்தில் மரக்கன்றுகள், அவை அனைத்தின் அருகிலும் நிறுவனத்தின் பெயர் பொறித்த பலகை. இவற்றைப் பழிப்பதற்கில்லை. கட்டிலிற் படுக்கும் நோயாளிக்கு அதனை வழங்கியவரின் உள்ளக்கிடக்கை ஒரு பொருட்டன்று. எனினும், பொறுப்பு என்பதும் கொடை என்பதும் ஒருபொருட் சொற்கள்தாமா என்னும் ஐயம் எழவே செய்கின்றது. கொடாது விட்டிருப்பினும் குற்றமாகாதது கொடை; செய்யாது விடின் குற்றமாவது பொறுப்பு. இவ்வேறுபாட்டை மறைத்துவிடும் எந்தச் சொல்லாட்சியும், கடன்பட்டவனை வள்ளலாக மாற்றிக் காட்டும் வல்லமை உடையதாகிவிடுகின்றது.

திருக்குறளின் அறத்துப்பாலில், பரிமேலழகர் உரை வழியாக இன்று வழங்கும் அதிகார வைப்பு ஈண்டு நினைக்கத்தக்கது. தீவினையச்சம் இருபத்தோராம் அதிகாரம், அதனை அடுத்து ஒப்புரவறிதல், அதன்பின் ஈகை, ஈகைக்குப் பின்னர் புகழ். இவ்வைப்பு நூலாசிரியருடையதா, உரைமரபினுடையதா என்பது வேறு ஆராய்ச்சி. யாருடையதாயினும் அதனுள் ஒரு சிந்தனை ஒழுங்கு உண்டு. பிறர்க்குத் தீங்கிழைக்க அஞ்சுதல் முதலில் வருகின்றது. ஊரோடு ஒத்து வாழ்வோன் செய்யவேண்டியதை அறிந்து செய்தல் அடுத்தது. இல்லாதார்க்கு வழங்குதல் அதற்கும் பின்னரே வருகின்றது. புகழ் என்பதோ இவற்றின் பின் தானே வந்து சேர்வது. இக்கால நிறுவனங்களின் நடைமுறையை நோக்குமிடத்து, இதே வரிசை கீழிருந்து மேலாக வாசிக்கப்படுவதைக் காணலாம். புகழ் வேண்டப்படுகின்றது, அதன்பொருட்டு ஈகை நிகழ்கின்றது, அவ்வீகைக்கு ஒப்புரவு என்று பெயரிடப்படுகின்றது. தீவினையச்சம் வரை வாசிப்பு பெரும்பாலும் சென்று சேர்வதில்லை.

இத்தலைகீழ் வாசிப்பின் விளைவை ஆராய்வதற்குத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தினும் பொருத்தமான களம் இலங்கையிற் கிடைப்பது அரிது. ஊருக்கென அமைந்த துறைமுகம் என்பதைவிட, துறைமுகத்திற்கென ஆளப்பட்ட ஊர் என்பதே அதன் வரலாற்றுக்குப் பொருந்தும். போர்த்துக்கேயர் 1620களிற் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். அவர்க்குப் பின் ஒல்லாந்தரும், இடையிற் பிரான்சியரும், 1795 முதல் ஆங்கிலேயரும் வந்தனர். எவரும் அவ்வூரை நாடி வந்தவரல்லர். அதன் ஆழ்கடற் குடாவை நாடியே வந்தனர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திற் சீனக்குடாவின் காட்டினுள் பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காக எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கவை. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி நிகழ்ந்த ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று அழிய, 99 எஞ்சின. 1957இற் பிரித்தானியக் கடற்படை வெளியேறியபோது, அத்தாங்கிகள் அவ்வூரவர்க்கு என்ன பயன் தரும் என்னும் கேள்விக்கு விடையே இருக்கவில்லை. அக்கேள்வியை முன்வைத்து அவை கட்டப்படவில்லை என்பதே அதற்குக் காரணம்.

விடுதலைக்குப் பிந்திய காலத்தில் தொழில்கள் வந்தன. 1977இற் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின்படி, சிங்கப்பூரைச் சேர்ந்த பிறீமா நிறுவனத்தின் மாவாலை 1980இற் சீனக்குடாவில் இயங்கத் தொடங்கிற்று. இலங்கையரின் பாணுக்கு வேண்டிய கோதுமை மாவின் பெரும்பகுதி நெடுங்காலம் அங்கிருந்தே சென்றது. ஜப்பானியக் கூட்டு முதலீட்டுடன் 1982இல் நிறுவப்பட்ட ரோக்கியோ சீமெந்துக் கம்பனி, கொட்பேயில் ஆலை அமைத்து 1984 முதல் உற்பத்தியில் ஈடுபட்டது. எண்ணெய்த் தாங்கிகளைப் பொறுத்தவரை, 2003இல் லங்கா ஐ.ஓ.சி. கம்பனி அங்கு வந்தது. 2022 சனவரியில் 14 தாங்கிகள் அதன் பொறுப்பிலும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பிலும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியின் பொறுப்பிலும் இருக்குமாறு உடன்படிக்கை செய்யப்பட்டது. இத்தொழில்கள் வேலை வாய்ப்பை அளித்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் ஆழமான துறை, கோதுமைக் கப்பலும் கிளிங்கர்க் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் அணுகக் கூடிய குடா, கேட்பாரற்றதாகக் கருதப்பட்ட நிலம் ஆகிய மூன்றுமே அவற்றை அங்கு ஈர்த்தன. ஊர் இந்த மூன்றுள் ஒன்றாகவும் எண்ணப்படவில்லை.

இவ்வாறு வரும் நிறுவனத்தின் கடமை யாது என்பது பற்றி மேலைநாட்டில் நிகழ்ந்த விவாதம் பலரும் அறிந்ததே. வணிகன் சமூகத்தின் குறிக்கோள்களுக்கு இயைந்த முடிவுகளையே எடுக்க வேண்டும் என்னும் கருத்தை அமெரிக்கப் பொருளியலாளர் ஹவாட் போவன் 1953இல் வெளிவந்த தமது நூலில் முறைப்பட வகுத்தார். மில்ரன் ஃபிறீட்மன் 1970இல் அதனை வன்மையாக மறுத்தார். சட்டத்திற்கும் நேர்மையான போட்டிக்கும் உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதொன்றே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்பது அவர் நிலைப்பாடு. முற்போக்குச் சிந்தனையாளர் ஃபிறீட்மனை எள்ளி ஒதுக்குவது வழக்கம். ஆனால் அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று ஒதுக்கத்தக்கதன்று. பொதுநலன் எதுவெனத் தீர்மானிக்கும் உரிமையை ஒரு கம்பனியின் முகாமையாளருக்கு யார் வழங்கினர் என்பதே அவ்வினா. அவர் அதனைப் பங்காளரின் பணத்தைக் காப்பதற்காகக் கேட்டார். அதே வினாவைக் கொட்டியாரக் குடாவின் கரையில் நின்று கேட்பின் அது வேறு வலுப் பெறுகின்றது: இவ்வூருக்கு எது நன்மை என்று இவ்வூரவரைக் கேளாமலே தீர்மானிக்கும் உரிமை எவர்க்கு உண்டு?

இந்தியா இவ்விடயத்திற் சட்டம் இயற்றிற்று. 2013ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம், நிகர மதிப்பு, விற்றுமுதல், நிகர இலாபம் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் குறித்த எல்லையைக் கடந்த நிறுவனங்கள் முந்திய மூவாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென விதித்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் அறவியல் நோக்கில் இச்சட்டம் ஒரு விந்தையான பிளவை உண்டாக்குகின்றது. இரண்டு சதவீதம் எங்கே சென்றது என்று அது துருவிக் கேட்கின்றது. நூறு சதவீதமும் எங்கிருந்து வந்தது என்று அதே பிரிவு கேட்பதில்லை. ஒப்புரவு இலாபத்தின் மீதான ஒரு விகிதமாகச் சுருங்கிவிடுகின்றது. மேலும், இந்திய எல்லைக்கு வெளியே செய்யப்படும் பணிகள் பொதுவாக இக்கணக்கிற் சேர்வதில்லை. எனவே இந்திய நிறுவனமொன்று பாக்கு நீரிணையைக் கடந்து வந்து தொழில் நடத்தும்போது அச்சட்டம் அக்கரையிலேயே நின்றுவிடுகின்றது. இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தில் இத்தகைய விதி எதுவுமில்லை.

இப்பின்னணியிற் சம்பூரின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

மகாவலி கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூர்ப் பிரதேசத்திற்கு உட்பட்டது சம்பூர். கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம் முதலிய கிராமங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. வயலும் சேனையும் கால்நடையும் கரைவலையும் கலந்த வாழ்வு அப்பகுதியினது. 2006 ஏப்ரல் 25ஆந் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலை அடுத்து, அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூர்ப் பகுதி விமானக் குண்டுவீச்சுக்கும் எறிகணை வீச்சுக்கும் உள்ளாயிற்று. மக்கள் வெளியேறினர். செப்டெம்பரில் அரச படைகள் அப்பகுதியைக் கைப்பற்றின. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில், அரசாங்கமும் இலங்கை மின்சார சபையும் என்.ரி.பி.சி. எனப்படும் இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் திருகோணமலையில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்கான உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2011இல் மின்சார சபையும் என்.ரி.பி.சி.யும் சரிபாதிப் பங்குடன் ஒரு கூட்டுக் கம்பனியை அமைத்தன. 2012இல் மேலும் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் வழியாகக் கனரகக் கைத்தொழில் வலயமொன்றிற்கு ஒதுக்கப்பட்டது. 2013இல் மின்கொள்வனவு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இவ்வாண்டுகளில் அந்நிலத்திற்கு உரியோருட் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களிற் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் வாழ்ந்தனர். கட்டைபறிச்சானிலிருந்து சம்பூர் அதிக தூரமன்று.

போர் மின்நிலையத்தின் பொருட்டு நடந்தது என்று கூற வேண்டியதில்லை. அவ்வாறு கூறாமலே அறவினா முழுமையாக எஞ்சி நிற்கின்றது. மக்களை வெளியேற்றியது மின்சார சபையுமன்று, என்.ரி.பி.சி.யுமன்று. அவை கண்டது ஒரு வெறுநிலம். கடலை அடுத்தது, கப்பல் அணுகத்தக்கது, ஆளில்லாதது. பொறியியலாளரின் வரைபடத்தில் எக்காலத்தும் ஆளில்லாதிருந்த நிலமும், ஆள் அகற்றப்பட்டதால் ஆளில்லாதாகிய நிலமும் ஒரே நிறத்திற் காட்டப்படுகின்றன. பிறர் உண்டாக்கிய வெறுமையைத் தான் பயன்கொள்வோன் அவ்வெறுமைக்குப் பொறுப்பாளியா என்பதே இங்கு எழும் கேள்வி. வள்ளுவர் இதனையொத்த ஒரு வழக்கைப் புலான்மறுத்தலில் எதிர்கொண்டார். கொன்றவன் வேறு, உண்பவன் வேறு என்னும் நியாயத்தை அவர் ஏற்கவில்லை. கொள்வோன் இருப்பதாலேயே கொல்வோன் இருக்கின்றான் என்ற தொடர்பை அவர் காட்டினார். நிலத்தின் விடயத்தில் இத்தொடர்பு இன்னும் நுட்பமானது. முதலீட்டாளன் வருவதற்கு முன்பே நிலம் வெறுமையாகிவிட்டது என்பது மெய்யே. ஆனால் அவன் வந்து ஒப்பமிட்ட பின்னர், அவ்வெறுமை நீடிப்பதற்கு ஒரு புதிய காரணம் தோன்றிவிடுகின்றது. தற்காலிகமாக இருக்கக் கூடிய இடப்பெயர்வு, உடன்படிக்கையின் ஒவ்வொரு கையெழுத்தோடும் நிலையானதாக இறுகுகின்றது. எனவே முதற்செயலிற் பங்கில்லாதவனும் அதன் நீடிப்பிற் பங்காளி ஆகின்றான்.

இவ்விரு நிறுவனங்களும் தனியார் மூலதனத்தின் வடிவங்கள் அல்ல என்பதும் கவனத்திற்குரியது. ஒன்று இலங்கை அரசின் சபை. மற்றது இந்திய அரசின் பெரும்பான்மைப் பங்குடைய நிறுவனம். சமூகப் பொறுப்பைத் தனியார் இலாப வேட்கைக்கு எதிரான மருந்தாக மட்டுமே கருதுவோர் இவ்விடத்திற் சற்றுத் தயங்குவர். அரசுடைமை தன்னளவிலேயே சமூகப் பொறுப்பு என்னும் நம்பிக்கை நம் பல்கலைக்கழகங்களிற் சில தலைமுறைகளாக ஊறியது. சம்பூர் அந்நம்பிக்கையைச் சோதிக்கின்றது. ஊரவரைப் பொறுத்தவரை, முடிவெடுத்தவர் கொழும்பிலிருந்தும் புதுடில்லியிலிருந்தும் வந்த அரச அதிகாரிகளா, தனியார் கம்பனியின் பணிப்பாளர்களா என்பதால் அவர்தம் வேலியின் எல்லை மாறுவதில்லை.

இதற்கு எதிராகக் கூறப்படுவது ஒன்றுண்டு. அது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. வளர்முக நாடொன்றிற்கு மின்சாரம் இன்றியமையாதது. மின்னின்றிக் கைத்தொழில் இல்லை. கைத்தொழிலின்றி வறுமை ஒழியாது. 1972இல் ஸ்ரொக்ஹோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் மாநாட்டில் இந்திரா காந்தி வறுமையையும் சூழல் மாசையும் தனித்தனியே பிரித்து நோக்க முடியாது என வாதிட்டபோது, செல்வந்த நாடுகளின் சூழற்கரிசனத்திலுள்ள ஒரு போலித்தனத்தையே சுட்டினார். இலங்கையில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011 முதல் படிப்படியாக 900 மெகாவாட் வரை வளர்ந்து நாட்டின் மின்தேவையில் முக்கிய பங்கை நிறைவு செய்தது. அதன் சாம்பலும் நிலக்கரித் தூசும் பற்றி அயற் கிராமத்தவர் முறையிட்டு வந்துள்ளனர் என்பதும் உண்மையே. சில கிராமங்களின் இழப்பைக் கோடிக்கணக்கானோரின் நன்மையோடு நிறுத்துப் பார்ப்பின் தராசு எப்பக்கம் சாயும்? பயன்வழிவாதிகள் கேட்பது இதுதான்.

தராசு தவறன்று. யார் கையில் அது உள்ளது என்பதே சிக்கல். இழப்பவன் தன் இழப்பைத் தானே எடைவைக்க இயலாத இடத்தில், பெறுபவனே இரு தட்டுகளிலும் எடைவைக்கின்றான். கொழும்பிலிருந்து நோக்குவோர்க்குச் சம்பூரிலுள்ள ஒரு வளவு சில பேர்ச் நிலம். அதற்கு ஒரு விலையுண்டு. மாற்றுக் காணி வழங்கினாற் கணக்குத் தீர்ந்தது. கரைவலை இழுப்பவனுக்குக் கடலுக்குச் செல்லும் பாதையும், வாடைக் காலத்தில் வள்ளத்தை ஏற்றிவைக்கும் கரையும், காளி கோயிற் பொங்கலும் அவ்வளவிலிருந்து பிரிக்க முடியாதவை. நிலக்கரி நிலையமொன்று குளிரூட்டுவதற்குக் கடல்நீரைப் பெருமளவில் உள்ளிழுத்து வெப்பமேற்றிக் கடலிலேயே விடும். அதனால் மீன்குஞ்சுகளுக்கு நேருவது என்னவென்பதை ஆய்வாளர் அறிக்கையாக எழுதலாம். எந்த மாதத்தில் எந்தத் திசைக் காற்றுக்கு எந்த மீன் கரைசேரும் என்பதை அறிந்தவனின் சாட்சியம் அவ்வறிக்கைக்குப் புறம்பானதாகவே இருந்துவிடுகின்றது.

இச்சாட்சியத்திற்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் கூற இயலாது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இற் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துரைக்க 30 நாள்கள் வழங்கப்பட்டன. இவ்வேற்பாடு எத்துணை வலியதாகலாம் என்பதற்கு எப்பாவலை ஒரு சான்று. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையிலுள்ள பொசுபேற்றுப் படிவை அமெரிக்கக் கம்பனியொன்று பெருமளவில் அகழ்ந்தெடுப்பதற்கான உத்தேச உடன்படிக்கையை எதிர்த்து, அவ்வூர் விவசாயிகளும் ஒரு விகாராதிபதியும் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2000 யூனில் நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க வழங்கிய தீர்ப்பு, முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் நிறைவெய்தும் வரை உடன்படிக்கை செய்யலாகாது எனத் தடுத்தது. ஆள்வோன் நிலத்தின் உடைமையாளன் அல்லன், அதன் காப்பாளனே என மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்குக் கூறியதாக மகாவம்ச மரபில் வரும் செய்தியையும் நீதியரசர் எடுத்தாண்டார். இற்றைச் சட்டத்தையும் பண்டை மரபையும் ஒரே நூலிற் கோத்த அத்தீர்ப்பு தெற்காசியச் சுற்றாடற் சட்ட வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது.

எப்பாவலைக்கும் சம்பூருக்கும் இடையே சட்டத்தில் வேறுபாடில்லை, நிலைமையில் உண்டு. எப்பாவலை விவசாயி தன் வயலின் வரம்பில் நின்று 'வேண்டாம்' என்றான். அவனுக்கு ஊர் இருந்தது, விகாரை இருந்தது, கூடிப் பேசும் இடமிருந்தது. சம்பூரான் பேச வேண்டிய ஆண்டுகளில் அவனுக்கு ஊரே இருக்கவில்லை. முப்பது நாள் அறிவித்தல் என்பது, அதனைக் கண்டு கலந்து பேச ஒரு கிராமம் அங்கே உள்ளது என்னும் எடுகோளின் மீது கட்டப்பட்டது. கூடாரத்தில் வாழ்பவன் முதலிற் கேட்பது அரிசி, பின்னர் கேட்பது தன் காணி. நிலக்கரிச் சாம்பலின் வேதியியல் அவன் முறையீட்டின் வரிசையில் எங்கோ கடைசியில் நிற்கும். இதனை அவனது அறியாமை எனக் கொள்ளலாகாது. கேட்கப்படுவதற்குரிய நிலையில் அவன் வைக்கப்படவில்லை. நிலைபேறான அபிவிருத்தி பற்றி 1987இல் வெளிவந்த புறுண்ட்லாந்து ஆணைக்குழுவின் அறிக்கை, வருந்தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு விளையாமல் இத்தலைமுறையின் தேவைகளை நிறைவு செய்தல் என அதனை வரையறுத்தது. அதே இடத்தில் வறியோரின் தேவைகளுக்கே முதன்மை வழங்கப்பட வேண்டும் எனவும் அவ்வறிக்கை கூறிற்று. மேற்கோள் காட்டுவோர் முதற்பகுதியை எடுத்து இரண்டாம் பகுதியை விட்டுவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பிறவாதவரைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதியுண்டு. அவர் எதிர்த்துப் பேசமாட்டார்.

சம்பூரின் பின்வரலாறு சுருக்கமாகக் கூறத்தக்கது. 2015 மே மாதத்தில் 818 ஏக்கரையும் ஒதுக்கிய வர்த்தமானி அறிவித்தலைச் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன இரத்துச் செய்தார். அவ்வாண்டு ஓகஸ்ற் முதல் மக்கள் மீளத் தொடங்கினர். கடற்படை முகாம் இருந்த காணியும் 2016இற் கையளிக்கப்பட்டது. நிலக்கரி நிலையத்திற்கு எதிராகச் சுற்றாடல் அமைப்பொன்று தொடுத்திருந்த வழக்கில், 2016 செப்டெம்பரில், அத்திட்டம் கைவிடப்பட்டதாகச் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்திற்கு அறிவித்தார். பத்தாண்டுகள் ஒரு திட்டம் காகிதத்தில் வாழ்ந்து மறைந்தது. அதன் நிழலில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முகாமிற் படித்துத் தேறினர். கைவிடப்பட்ட திட்டம் எவர்க்கும் இழப்பீடு வழங்குவதில்லை. கட்டப்படாத ஆலை எவ்வாறு தீங்கு செய்திருக்க முடியும் என்று கேட்போரும் உளர்.

மின்நிலையத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்த காணி அதனோடு திரும்பவில்லை. அவ்விடத்தில் என்.ரி.பி.சி.யும் மின்சார சபையும் சேர்ந்து சூரிய மின்நிலையம் அமைக்க 2022இல் உடன்பட்டன. 2025 ஏப்ரல் 5ஆந் திகதி, இந்தியப் பிரதமரின் இலங்கை வருகையின்போது 120 மெகாவாட் திட்டமாக அதன் தொடக்க விழா நடைபெற்றது. புகையில்லை, சாம்பலில்லை, வெந்நீரில்லை. நிலக்கரிக்கு எதிராக முன்வைக்கப்பட்ட அத்தனை சூழல் வாதங்களுக்கும் இது விடை. இங்கேதான் அறவினா தன் தூய வடிவில் வெளிப்படுகின்றது. மாசு என்னும் திரை அகன்றபின், நிலம் வந்த வழி என்னும் ஒன்றே எஞ்சுகின்றது. சூரியனின் தூய்மை அவ்வழியையும் தூய்மையாக்கிவிடுமா? ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் பேரவை 2011இல் ஏற்றுக்கொண்ட, ஜோன் றகி வகுத்த வழிகாட்டு நெறிகள் இதற்கு நேரடியான விடை ஒன்றைத் தருகின்றன. மனித உரிமைகளை மதிப்பது நிறுவனத்தின் தனிக் கடமை. அரசு தன் கடமையைச் செய்யத் தவறினும் அது குறைவதில்லை. வேறிடத்திற் செய்யும் நற்பணி இவ்விடத்து மீறலை ஈடுசெய்யாது. தீவினையச்சத்தை ஈகையால் விலைக்கு வாங்க இயலாது என்பதையே சர்வதேச ஆவணத்தின் வறண்ட மொழியில் அது கூறுகின்றது.

நிறுவனங்கள் அனைத்தும் இக்கடமையில் வழுவுவன எனக் கொள்ளுதல் நேர்மையாகாது. பொறுப்பு தொழிலின் பக்கத்தில் அன்றி அதன் உள்ளேயே அமையக் கூடும் என்பதற்கு இதே குடாவில் ஓர் எளிய உதாரணம் உண்டு. கொட்பேயிலுள்ள சீமெந்து ஆலை தன் மின்தேவையின் பொருட்டு 2008இல் 10 மெகாவாட் உயிர்ப்பொருள் மின்நிலையம் ஒன்றை அமைத்தது. சீமைக்கிளுவை எனவும் கிளிரிசிடியா எனவும் வழங்கும் வேலிமரத்தின் கிளைகளும் உமியும் அதன் எரிபொருள். வெட்ட வெட்டத் தழைக்கும் அம்மரம் வேலியோரத்தில் நின்று மண்ணுக்குத் தழையுரமும் தருவது. விறகு விற்பவன் ஆலைக்கு நன்றிக்கடன் பட்டவனல்லன். விலை ஒவ்வாவிடின் விற்காதிருக்கலாம். விழா இல்லை, பலகை இல்லை. இதனைச் சமூகப் பொறுப்பு என்று அழைக்கவே பலர் தயங்குவர். வெறும் வணிகம் என்பர். வேண்டாம் என்று கூறும் ஆற்றல் மறுதரப்பிடம் இருப்பதாலேயே அது நல்ல வணிகமாகின்றது. சம்பூரில் இல்லாதிருந்தது அவ்வாற்றலே. இச்சிறு உதாரணத்தை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. சீமெந்துத் தொழில் சூழலுக்கு இழைக்கும் சுமை கிளுவைக் கிளையால் தீரக்கூடியதன்று.

சூரிய மின்னின் காலம் இப்போதுதான் தொடங்கியுள்ளது. திருகோணமலையின் வெயிலும் சமதரையும் இன்னும் பல முதலீட்டாளரை அழைத்து வரும். 2025இல், சீனக்குடாவை அடுத்த முத்துநகரில், துறைமுக அதிகாரசபைக்குரியதாக வகுக்கப்பட்ட நிலத்தில் நெடுங்காலம் நெல் விளைவித்து வந்த விவசாயிகள், அந்நிலம் சூரிய மின் திட்டங்களுக்கு வழங்கப்பட்டதை எதிர்த்துத் தொடர் போராட்டத்தில் இறங்கினர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் பிறர் நிலத்திற் பயிரிட்டோர். தம் கண்ணில் அவர்கள் காடு வெட்டி வயல் கண்டோர். போர் அவர்களை அகற்றவில்லை. எவரும் முகாமில் இல்லை. வயலின் வரம்பில் நின்றே பேசினர். கேட்பதற்கு இம்முறை ஒரு கிராமம் இருந்தது. அவர்கள் அமர்ந்த இடம் திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன்றல். மின்தகடுகளை நிறுவ வந்த கம்பனிகளின் வாயிலில் அவர்கள் அமரவில்லை. நிலம் அரசிடமிருந்து பெறப்பட்டது, எனவே நிலம் பற்றிய முறையீடும் அரசுக்குரியது என்பது கம்பனிகளின் வழமையான நிலைப்பாடு. நாற்றங்கால் போட வேண்டிய பருவத்திற் பந்தலிட்டு அமர்ந்திருந்தவர்களும், தட்டுவதற்கு வேறு கதவு இருப்பதாக எண்ணவில்லை.